காறாமல் 9 வாரம்: வெள்ளவத்தைச் சமையலறையில் பெக்கான்

நேற்று இரவு ஒன்பதாவது பொதியின் கடைசிப் பாதிகளை எடுத்தேன். ஜனவரி முதல் சனிக்கிழமை காயவைத்து, கட்டி, பிரீசரில் வைத்த பெக்கான் அது, அமெரிக்காவில் விளையும் ஓர் எண்ணெய்க் கொட்டை. ஒரு பாதியை முறித்து முதலில் மணந்தேன். பிறகு நாக்கு நுனியில் வைத்தேன். அதன் பிறகுதான் மென்றேன். பால் கலந்தது போல ஓர் இனிப்பு, பின்னால் தோலின் இலேசான துவர்ப்பு. காறல் இல்லை. அம்மாவிடமும் ஒன்று கொடுத்தேன். "நல்லா இருக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் தேங்காய் துருவப் போனார். எட்டு மாதத்தில் இரண்டு தடவை கொட்டித் தொலைத்தபின் கேட்ட சொல் என்பதால் எனக்கு அது பெரிது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. சென்ற ஜூன் மாத இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரோல், 148 என்று வந்தது. டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உணவு ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பினார். அந்த அம்மா சொன்னவற்றில் ஒன்று: பின்னேரம் தேத்தண்ணியோடு சாப்பிடும் மிக்ஸரை விட்டுவிட்டு, உப்புப் போடாத கொட்டை வகை ஒரு கைப்பிடி, 30 கிராம் அளவில். சொல்வது சுலபம். அப்பாவுக்கு மேல்வரிசை கட்டுப்பல். பாதாம் கடிக்க முடியாது. கஜு என்றால் உயிர்தான், ஆனால் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுப் பொரித்த கஜுவாக இருக்கவேண்டும்.

ஜூலையில் பெரியம்மாவின் மகன் ஹூஸ்டனிலிருந்து வந்தார். அண்ணா கொண்டுவந்த பையில் 2 இறாத்தல், அதாவது 907 கிராம், ஓடு நீக்கிய பெக்கான். டெக்சாஸில் பெக்கான்தான் மாநில மரம். 1919இலேயே அப்படி அறிவித்துவிட்டார்கள். பார்வைக்கு வால்நட்டின் தம்பி போல நீளமாக, மண்ணிறமாக இருந்தது. உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம்தான். அப்பா ஒன்றை வாயில் போட்டு அசைத்துப் பார்த்தார். "இது மெத்தெண்டு இருக்கு. பல்லுக்கு வலிக்கேல்லை" என்றார். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன், இனி பின்னேரச் சாப்பாடு இதுதான் என்று.

அன்றிரவு இதில் என்ன இருக்கிறது என்று தேடி எழுதிக்கொண்டேன். 28 கிராம், அதாவது ஒரு அவுன்ஸ், எண்ணினால் ஏறத்தாழ 19 பாதிகள். அதில் 196 கலோரி. கொழுப்பு 20 கிராம். அந்த 20 கிராமில் எல்டிஎல்லை ஏற்றும் நிரம்பிய கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு, மீதி பெரும்பாலும் ஒலிவ் எண்ணெயில் இருப்பதைப் போன்ற நிரம்பாத கொழுப்பு. நார்ச்சத்து 2.7 கிராம், புரதம் 2.6 கிராம், சீனி ஒரு கிராம் அளவில், சோடியம் இல்லை என்றே சொல்லலாம். மங்கனீஸ் மட்டும் ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல். செம்பும் துத்தநாகமும் நல்ல அளவில். புரதத்துக்காக யாரும் பெக்கான் வாங்கவேண்டாம். அதே நிறைக் கச்சானில் (நிலக்கடலையில்) 7 கிராம் இருக்கிறது. பெக்கானின் பலம் அதன் எண்ணெயிலும் நாரிலும்தான். கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் செய்து 2001இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், மொத்தக் கலோரியில் ஐந்தில் ஒரு பங்கைப் பெக்கானிலிருந்து எடுத்தவர்களுக்கு எல்டிஎல் ஒப்பீட்டு உணவைவிட 10 சதவீதம் அளவில் குறைவாக இருந்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு என்பது மிகப் பெரிய அளவு, ஒரு கைப்பிடிக்கு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. எப்படியும் மாத்திரையை நிறுத்தும் பேச்சே இல்லை என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சரி, முதல் தோல்வி.

தினமும் நறுக்குவது அலுப்பு என்று, 907 கிராமையும் ஒரே இரவில் நறுக்கிவிட்டேன். கச்சான் அளவுத் துண்டுகள். பெரிய கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைத்தேன். கை நீட்டினால் எட்டும் இடம். ஜன்னலும் பக்கத்தில், பின்னேர வெயில் நேராகப் போத்தலில் விழும். கொழும்பில் எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கதவைத் திறந்தால் உப்புக் காற்று. சமையல் நேரத்தில் அந்தத் தட்டு எவ்வளவு சூடு என்று அப்போது நான் அளக்கவில்லை. பிறகு வெப்பமானி வாங்கியபோது அளந்தேன்: 36 பாகை.

அப்பா நாளுக்கு 15 கிராம் போலச் சாப்பிட்டார். ஐந்தாவது வாரம் போத்தலைத் திறந்தபோது அம்மா அறைக்குள்ளிருந்து கேட்டார்: "ஆரோ பெயின்ற் அடிக்கினமோ?" மூடியைத் திறந்த உடனே வந்த மணம் அப்படித்தான், பழைய வர்ணப் பேணியின் மணம். ஒரு துண்டை வாயில் போட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் சொரசொரவென்று ஒரு கசப்பு பிடித்தது, தண்ணீர் குடித்தும் போகவில்லை. அப்பாவிடம் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "ஒரு கிழமையா இருக்கும். நீ வாங்கித் தந்த மருந்தெண்டு நினைச்சன்" என்றார். அந்த ஒரு கிழமையை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. 380 கிராம் மீதி. அப்படியே கொட்டினேன்.

ஏன் கெட்டது என்று தேடப் போய்த்தான் விஷயம் பிடிபட்டது. நூறு கிராம் பெக்கானில் 72 கிராம் எண்ணெய். இதயத்துக்கு நல்லது என்று சொல்கிற அந்த நிரம்பாத கொழுப்புத்தான் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் நம் வீட்டுத் தட்டில் மாதக்கணக்கில் நிற்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு. பெக்கானுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் பாதுகாப்பு தோலும், எண்ணெயோடு கலந்திருக்கும் காமா வகை விற்றமின் ஈயும். முழுசாக இருக்கும்வரை தோல் மூடிக் காக்கும். நான் கத்தியால் ஆயிரம் புது முகங்களைத் திறந்து, அடுப்புச் சூட்டில் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் அண்ணாவிடம் பேசும்போது தெரிந்தது. அங்கே அறுவடை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூலையில் வந்த பை முந்திய பருவத்துக் கொட்டை. என் கைக்கு வரும்போதே அதற்கு வயது போயிருந்தது.

இரண்டாம் முயற்சிக்கு ஓட்டோடு வாங்குவது என்று முடிவெடுத்தேன். ஓடு இருந்தால் காற்றுப் படாது, எண்ணெய் நிற்கும் என்ற கணக்கு. கணக்குப் பிழையில்லை. பிழை நான் உடைத்த விதத்தில்.

டிசம்பரில் நத்தாருக்கு என்று இறக்குமதிச் சாமான் கடைகளில் ஓட்டோடு கொட்டைகள் வரும். கிலோ 4,800 ரூபா. 2 கிலோ வாங்கினேன், 9,600 ரூபா. ஓடு பளபளவென்று மண்ணிறம், நுனியில் கறுப்புக் கோடுகள். குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்டவற்றை ஒதுக்கினேன், வற்றிப்போனது என்று அர்த்தம். 2 கிலோவில் அப்படி 11 கொட்டைதான்.

உடைப்பதற்கு என்ன ஆயுதம்? பெக்கான் என்ற பெயரே வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் அல்கொன்கியன் மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது, கல்லால் உடைக்கவேண்டிய கொட்டை என்று பொருள் சொல்கிறார்கள். அம்மிக் குழவியைத் தூக்கினேன். ஓடும் பருப்பும் ஒன்றாகக் கூழாயின. கதவிடுக்கில் வைத்து நசுக்கினேன், அம்மா கதவைப் பார்த்த பார்வையில் அதை விட்டேன். குறடு பரவாயில்லை, ஆனால் வழுக்கியது. கடைசியில் அம்மம்மாவின் பாக்குவெட்டி நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பித்தளைப் பிடி, இரும்பு அலகு. அம்மம்மா போனபிறகு அது ஷோகேஸில்தான் கிடந்தது. குறுக்கே வைத்து அழுத்தினால் பருப்பும் சேர்ந்து வெட்டுப்பட்டது. கொட்டையை நீளவாக்கில் நிறுத்தி, இரண்டு முனையையும் அலகுக்கும் கீழ்த்தாடைக்கும் இடையில் கொடுத்து மெல்ல அழுத்தினால், ஓடு நடுவில் சுற்றிவர வெடித்தது. அந்த 'டிக்' சத்தம் வந்தவுடன் கையை நிறுத்தவேண்டும். அரை விநாடி கூடினாலும் பருப்பு நொறுங்கும். இருபது முப்பது கொட்டைக்குப் பிறகு கைக்கு அளவு தெரிந்துவிட்டது.

ஆனாலும் பாதிகள் முழுசாக வருவது குறைவு. பத்தில் நாலு. அப்போது படித்த உபாயம்தான் கொதிநீர்: ஓட்டோடு சுடுதண்ணீரில் 15, 20 நிமிடம் ஊறவைத்தால் ஓடு இளகும், பருப்பும் வளைந்துகொடுக்கும், பாதிகள் உடையாமல் கழன்று வரும். ஒன்றரைக் கிலோவை அப்படி ஊறவைத்தேன். அருமையாக வந்தது. பத்தில் எட்டு முழுப் பாதி. இரண்டு பாதிக்கும் நடுவில் தக்கை போன்ற ஒரு சுவர் இருக்கும், செம்மண்ணிறப் பொடியாக உதிரும். அது படுகசப்பு. பருப்பின் பள்ளங்களுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். தென்னோலை ஈர்க்கில் நுனியைச் சீவி, ஒவ்வொரு பள்ளமாக நெம்பி எடுத்தேன். பல்லுக்குத்தும் குச்சி முறிந்துவிடும். ஈர்க்கு வளையும், முறியாது. மூன்று இரவு, மொத்தம் ஏழு மணித்தியாலம். ஒன்றரைக் கிலோவில் 690 கிராம் பருப்பு. பாதிக்குச் சற்றுக் குறைவு.

உடைத்துக்கொண்டே இந்த மெல்லோட்டு மரங்களின் கதையையும் படித்தேன். 1846 அளவில் லூசியானாவின் ஓக் அலி தோட்டத்தில் அடிமையாக வைத்திருந்த ஒரு தோட்டக்காரர், அந்துவான் என்று மட்டும் பதிவில் இருக்கிறது, நல்ல மரமொன்றின் கிளைகளை வேறு மரங்களில் ஒட்டுக் கட்டி வெற்றிகண்டார். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் அந்த இனம் பரிசு வாங்கியது. செய்தவருக்கு விடுதலைகூட இல்லாத காலத்தில் செய்த வேலை. பாக்குவெட்டியால் உடைக்கிற அளவுக்கு ஓடு மெல்லியதாக என் கைக்கு வந்ததில் அவருக்கும் பங்கிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பருப்பைப் பெரிய சுளகில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் வைத்தேன். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. மூன்று போத்தலில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். பெருமையோடு அண்ணாவுக்குப் படமும் அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் இரண்டாவது போத்தலில் ஒரு பாதியின் நுனியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஒன்று. போத்தலை வெளிச்சத்தில் திருப்பினேன். நாலு, ஐந்து. மூன்றாவது போத்தலிலும் இரண்டு. பூஞ்சணம். அம்மா, கழுவி வெயிலில் போட்டால் சரிவரும் என்றார். மல்லி, மிளகாய் என்றால் வீட்டில் அதைத்தானே செய்கிறோம். நான் சம்மதிக்கவில்லை. கொட்டைகளில் வரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். கழுவினாலும் போகாது, வீட்டு அடுப்பில் வறுத்தாலும் முழுதாக அழியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இருக்கலாம். அப்பாவின் நன்மைக்காகத் தொடங்கியதை அப்பாவுக்கே நஞ்சாகக் கொடுக்க முடியாது. முதல் போத்தலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அதையும் சேர்த்து, சாப்பிட்டது போக மிஞ்சிய 510 கிராமையும் பொலித்தீனில் முடிந்து குப்பைக்குக் கொடுத்தேன். 7,200 ரூபாவும் ஏழு மணித்தியாலமும்.

பிழை தெளிவு. ஊறவைத்தபோது பருப்பு ஈரத்தைக் குடித்திருக்கிறது. கொழும்புக் காற்றில் ஈரப்பதன் எப்போதும் அதிகம், மழை நாளில் விசிறி காற்றைச் சுற்றும், உலர்த்தாது. சேமிக்கும் பெக்கானில் ஈரம் 4 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கவேண்டும். அதை நான் அளக்கவே இல்லை. தொட்டுப் பார்த்து முடிவெடுத்தேன்.

மூன்றாவது தடவை தராசோடு தொடங்கினேன். 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு 2,900 ரூபா. கேக் சுடும் அடுப்பான அவனுக்குள் வைக்கும் வெப்பமானி 1,650. அழுத்தி மூடும் தடித்த சிப் பைகள் 480. ஊறவைக்காமல் மீதம் வைத்திருந்த அரைக் கிலோ ஓட்டுக் கொட்டையைப் பாக்குவெட்டியால் உலர்வாகவே உடைத்தேன்: 235 கிராம், பாதிக்குமேல் துண்டுகள், இருக்கட்டும். அதோடு ஓடு நீக்கிய 200 கிராம் பக்கற் நாலு வாங்கினேன், ஒன்று 2,450 ரூபா. கடையில் அடுக்கின் பின்வரிசையில் இருந்ததை எடுத்தேன், திகதி நாலு மாதம் பிந்தியது. மொத்தம் 1,035 கிராம்.

எங்கள் அவன் மேசையில் வைக்கும் சிறியது. திருகை 60இல் வைத்தால் வெப்பமானி 85 காட்டியது. இந்த வெப்பமானி இல்லாமல் செய்திருந்தால் எண்ணெயைச் சமைத்திருப்பேன். கதவு இடுக்கில் அகப்பைக் காம்பைச் செருகி வைத்தேன். 65க்கு இறங்கியது, ஈரமும் வெளியேற வழி கிடைத்தது. இரண்டு தட்டு, ஒற்றை அடுக்காகப் பரப்பி, அரை மணிக்கு ஒரு தடவை கிளறி, இரண்டரை மணித்தியாலம். ஒவ்வொரு தடவையும் எடை பார்த்தேன். கடைசி இரண்டு நிறுவையும் ஒரே அளவு: 1,012 கிராம். 23 கிராம் தண்ணீர் போயிருக்கிறது. கடையில் வாங்கியதிலும் ஈரம் இருந்தது என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆறியபிறகு ஒரு பாதியை வளைத்தேன். வளையவில்லை, 'டக்' என்று முறிந்தது. சூட்டோடு முறித்துப் பார்த்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், சூட்டில் எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும்.

105 கிராம் வீதம் ஒன்பது பொதி, 67 கிராம் மீதி. ஒவ்வொன்றையும் காற்றை நெரித்து வெளியேற்றி, சிப் பையில் இட்டு, அதை இன்னொரு பையில் இட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் அடுக்கி பிரீசரில் வைத்தேன். இரட்டைப் பைக்குக் காரணம் எங்கள் பிரீசரில் எப்போதும் மீனும் இறாலும் இருக்கும். எண்ணெய்க் கொட்டை பக்கத்து மணத்தை இழுத்துக்கொள்ளும். டப்பாவின் மேல் சிவப்பு எழுத்தில் 'கொட்டை வகை, பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம்' என்றும் ஒட்டினேன். தங்கையின் மகனுக்கு வால்நட் ஒவ்வாமை. வால்நட் ஒத்துவராதவர்களுக்குப் பெக்கானும் பெரும்பாலும் ஒத்துவராது.

பிரீசரை நம்பலாமா என்று அம்மா கேட்டார். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களை யார் மறந்தார்கள்? ஆனால் காய்ந்த கொட்டை மீன் அல்ல. சில மணித்தியாலம் மின்சாரம் போனால் கெட்டுவிடாது.

ஞாயிறு தோறும் ஒரு பொதி வெளியே வரும். இதில் ஒரே ஒரு விதி, அதைத் தவறவிட்டால் எல்லாம் வீண்: குளிர் போகும்வரை பையைத் திறக்கக்கூடாது. இந்த ஊர்க் காற்றில் குளிர்ந்த கொட்டையை வெளியே எடுத்தால், ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்புறம் போல உடனே வியர்க்கும். அந்த வியர்வைதான் அடுத்த பூஞ்சணம். மேசையில் ஒரு மணித்தியாலம் மூடியபடி வைத்து, பையின் வெளிப்புறத்தைத் துடைத்து, அதன் பிறகே திறப்பேன்.

அப்புறம் அப்பாவைச் சாப்பிட வைக்கும் வேலை. வெறுமனே பாதிகளாகக் கொடுத்தால் இரண்டாம் வாரமே அலுத்துவிட்டது. அம்மாதான் வழி சொன்னார்: "உழுத்தம் பருப்பில பொடி இடிக்கிற மாதிரி இதையும் இடி". 150 பாகையில் 9 நிமிடம் வறுத்தேன். முதல் தடவை 14 நிமிடம் விட்டுத் தோல் கறுத்துக் கசந்தது. மணம் வந்தபின் இன்னும் ஒரு நிமிடம் என்பதே கணக்கு. முழுதாக ஆறவிட்டு, 4 செத்தல் மிளகாய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, ஒரு மேசைக்கரண்டி உழுந்து எல்லாம் தனித்தனியே வறுத்துச் சேர்த்து, அரைத் தேக்கரண்டி உப்பு. மிக்ஸியைத் தொடர்ந்து 40 விநாடி ஓடவிட்டேன். பொடிக்குப் பதில் களி. எண்ணெய் முழுவதும் கக்கிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து மூன்று விநாடி, நிறுத்து, குலுக்கு, மறுபடி மூன்று விநாடி என்று ஆறு தடவை. ரவை போலக் கொரகொரவென்று வந்தது. அந்தக் களியும் வீணாகவில்லை, குரக்கன் ரொட்டியில் பூசிச் சாப்பிட்டோம், எனக்குப் பொடியைவிட அதுதான் பிடித்தது.

புட்டுக்கு மேல் பொடி தூவியபோது அப்பா தேங்காய்ப்பூவைக் குறைத்துப் போடச் சொன்னார். அவராகவே. எனக்கு இந்த முழு முயற்சியிலும் மிகப் பெரிய லாபம் அதுதான். தேங்காய்ப்பூவின் இடத்தைப் பெக்கான் எடுத்தால், ஒரு நிரம்பிய கொழுப்புப் போய் ஒரு நிரம்பாத கொழுப்பு வருகிறது. 28 கிராமை மேலதிகமாகச் சேர்த்தால் 196 கலோரி கூடும், எடை ஏறும், அவ்வளவுதான்.

ஆலோசகர் சொன்ன 30 கிராமையும் இப்படிப் பிரித்தேன். பெக்கான் 15 கிராம், வறுத்த உப்பில்லாக் கச்சான் 15 கிராம், கச்சானை மசித்து. இதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003இல், நிரம்பிய கொழுப்புக் குறைந்த உணவோடு நாளுக்கு 42 கிராம் அளவில் கொட்டை சாப்பிடுவது இதயநோய் ஆபத்தைக் குறைக்கக்கூடும், ஆனால் நிரூபிக்கப்படவில்லை என்ற வாசகத்தைப் பக்கற்றுகளில் போட அனுமதித்தது. அந்தப் பட்டியலில் பெக்கானோடு கச்சானும் இருக்கிறது. கஜு இல்லை. எங்கள் காலிமுகத்திடலில் சுருளில் சுற்றித் தரும் கச்சான்! பெக்கான் 15 கிராமுக்கு எனக்கு 184 ரூபா ஆகிறது, கச்சான் 15 கிராமுக்கு 17 ரூபா. பெக்கான் வாங்க வசதியில்லாதவர்கள் மனம் வருந்தவேண்டியதில்லை. உப்புப் போடாத, பூஞ்சணம் பிடிக்காத, புதுக் கச்சான் போதும்.

டிசம்பர் பரிசோதனையில் அப்பாவின் எல்டிஎல் 104. அது மாத்திரையின் வேலை என்றே எடுத்துக்கொள்கிறேன். மிக்ஸர் நின்றதும், பின்னேரம் கடற்கரைத் தண்டவாளத்தை ஒட்டி நடக்கத் தொடங்கியதும் சேர்ந்திருக்கலாம். அதுவரை அவர் சாப்பிட்டதில் ஒரு பங்கு காறிய பெக்கான், அதற்கு நான் எந்தப் பெருமையும் கேட்க முடியாது.

மொத்தச் செலவு 24,430 ரூபா. அதில் தராசும் வெப்பமானியும் நிலைத்து நிற்பவை. அடுத்த தடவை ஓட்டோடு வாங்கமாட்டேன். உடைக்கும் சந்தோஷத்துக்காக வேண்டுமானால் அரைக் கிலோ. கொதிநீர் உபாயம் உலர் காற்றுள்ள ஊருக்குச் சரி, ஊறவைத்த அன்றே அவனில் உலர்த்துவதாக இருந்தால் இங்கும் சரி, இல்லாவிட்டால் வேண்டாம். நறுக்குவது, வறுப்பது, இடிப்பது எல்லாம் அந்தந்த வாரத்துக்கு மட்டும். ஆண்டு நடுவில் வாங்குவதில்லை. அண்ணா இந்த டிசம்பரில் வரும்போது அந்தப் பருவத்துப் புதுப் பாதிகளாக ஒரு கிலோ கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கேக் அடுப்பின் நேரத்தைக்கூட இப்போதே அம்மாவிடம் கேட்டு வைத்துவிட்டேன், கேக் அடிக்கும் கிழமையில் கிடைக்காது என்பதால்.

மிஞ்சிய 67 கிராமைத் தொடவில்லை. அது பிரீசரின் அடியில், டப்பாவின் மூலையில் இருக்கிறது. மேலே ஒரு வெள்ளை நாடாவில் திகதி எழுதியிருக்கிறேன், ஜூலை வரை யாரும் திறக்கக்கூடாது. ஆறு மாதம் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.